மேடேறுகையில் மூச்சு வாங்குவது ஏன்?

மலேசியாவின் தாப்பாவிலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதையில் ரிங்லட்டைக் கடந்து தானா ராத்தாவை அடைகிறவர், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு சொன்ன இந்த மலைநாட்டில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, காட்டை வெட்டித் தேயிலை நட்டு, கொழுந்து பறித்து, கூடையும் முதுகுமாகச் சரிவுகளில் ஏறி இறங்கியவர்களில் தமிழர் மிகப் பலர். சுமையோடு மேடேறினால் மூச்சு வாங்கும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் அன்று. ஆயினும், பல வருஷங்களாக ஒரே சரிவில் ஏறிப் பழகிய ஒரு பெண்மணி, இவ்வாண்டு பாதி மேட்டிலேயே நின்று மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். “வயசாகிப் போச்சு” என்பார் ஒருவர். “மலைக் குளிர் ஒத்துக்கல” என்பார் மற்றொருவர். “ஆஸ்துமாவா இருக்கும், இந்தப் பம்ப்பை இழுத்துப் பாருங்கக்கா” என்று தம் மருந்தையே எடுத்து நீட்டுவார் பக்கத்து வீட்டுக்காரர். வைத்தியருக்கோ இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: குற்றம் இருதயத்திலா, நுரையீரலிலா? இரண்டும் ஒரே நெஞ்சுக்கூட்டில் ஒன்றையொன்று தழுவிக் கிடப்பவை. எது கெட்டாலும் மனிதன் சொல்லுகிற முறையீடு ஒன்றே. அந்த ஒரே முறையீட்டிலிருந்து இரு வேறு வியாதிகளைச் சாஸ்திரம் எவ்வாறு பிரித்தறிகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் மலையின் மேல் விழும் பழியை விசாரித்துவிடலாம். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தானா ராத்தாவில் அது கடற்கரையில் இருப்பதைவிடச் சுமார் 16 சதவிகிதம் குறைவு. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஏறத்தாழ 21 சதவிகிதமே என்றாலும், அழுத்தம் குறைந்த அளவுக்கு ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் பிராணவாயுவும் குறையத்தான் செய்யும். ஆனால் ரத்தத்தின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின் அதை ஏற்றுக்கொள்ளும் விதம் விசித்திரமானது. டென்மார்க் தேசத்து கிறிஸ்டியான் போர் 1904இல் சகாக்களுடன் அளந்து காட்டியபடி, பிராணவாயுவின் அழுத்தம் தாராளமாக இருக்கும் எல்லையில் அது ஓரளவு குறைந்தாலும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய முழுச் சுமையையும் ஏற்றிக்கொள்ளுகிறது. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே அழுத்தம் இறங்கிய பிறகுதான் சுமை மளமளவென்று சரிகிறது. ஆகவே ஆரோக்கியமான ஒருவர் விரலில் கவ்வும் சிறு கருவியை மாட்டிப் பார்த்தால், சமவெளியில் காட்டியதைவிடக் கேமரன் மலையில் ஓரிரு புள்ளியே குறைவாகக் காட்டும். உடம்பு அதைப் பொருட்படுத்தாது. ஏற்கெனவே நுரையீரல் பழுதுபட்டு அந்த எல்லையின் ஓரத்தில் நிற்பவரைத்தான் இந்த உயரம் தள்ளிவிடக்கூடும். அதாவது, மலை நோயை உண்டாக்குவதில்லை. சமவெளியில் மறைந்திருந்த நோயை வெளிப்படுத்துகிறது.

இனி உள்ளே நடக்கும் காரியத்தைப் பார்ப்போம். சரீரம் முழுவதும் சுற்றிக் களைத்து வரும் ரத்தம் இருதயத்தின் வலப்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குள் புகுந்து, முடியினும் நுண்ணிய குழாய்களில் பரவிப் பிராணவாயுவைப் பெற்று, இருதயத்தின் இடப்பக்க மேலறையில் சேர்ந்து, ஈரிதழ் வால்வைத் தாண்டி இடப்பக்கக் கீழறைக்கு இறங்கி, மறுபடியும் சரீரத்துக்குப் போகிறது. வலப்பக்கம், நுரையீரல், இடப்பக்கம் என்ற இந்த வரிசையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பின்வருவன யாவும் அதிலிருந்தே விளங்கும்.

ரிங்லட்டில் பெர்த்தாம் நதிக்குக் குறுக்கே, மின்சார உற்பத்திக்காக 1960களில் கட்டப்பட்ட சுல்தான் அபூபக்கர் அணையைப் பார்த்தவர்கள், மேற்சரிவுகளிலிருந்து அடித்துவரப்படும் மண் அந்த நீர்த்தேக்கத்தைப் பீடித்திருப்பதையும் அறிவார்கள். அணையின் மதகு மண்ணடைந்து குறுகிவிட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நீர் எங்கே உயரும்? மதகுக்குக் கீழேயன்று, மேலே. தேக்கம் ததும்பிக் கரையோரத்து நிலத்தில் கசியும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் குறைந்துபோக, மேற்பகுதியில் வெள்ளம் நிற்கும். இருதயத்தின் இடப்பக்கத்தில் தடை நேர்ந்தால் வெள்ளம் நிற்குமிடம் நுரையீரல். நுண்குழாய்களின் உள்ளே ரத்தத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ள, ரத்தத்திலுள்ள புரதங்கள் அந்நீரை உள்ளேயே இழுத்துப் பிடிக்கின்றன என்பதை 1896இல் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் விளக்கினார். புரதங்களின் பிடி ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு ஈடானது. தேங்கிய ரத்தத்தின் அழுத்தம் அந்த அளவைத் தாண்டும்போது, நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. மனிதன் தன் சொந்த ரத்த நீரிலேயே மூச்சுத் திணறுகிறான். இந்த நிலையில் கெட்டது இருதயம்; தவிப்பது நுரையீரல்.

இத்தகைய தடைக்கு ஏழை எளியவர்களிடையே நெடுங்காலமாக முக்கியக் காரணமாக இருந்துவருவது வாதக் காய்ச்சல். பிள்ளைப் பருவத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டை அழன்று ஆறுகிறது. ஆறிய இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலும் மூட்டுவீக்கமும் தோன்றுகின்றன. கிருமியை எதிர்க்க எழுந்த உடம்பின் காவற்படை, ஏதோ ஒரு சாயலால் ஏமாந்து, இருதய வால்வையே பகையென்று தாக்குகிறது. ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுக்கும் லயத்து வாழ்க்கை, தொண்டைக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்ற எவ்வளவு வசதியானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பல்லாண்டுகளில் ஈரிதழ் வால்வின் இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளுகின்றன. சாதாரணமாக நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வாயில், ஒன்றரைக்கும் கீழே குறுகிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது இந்தச் சிறு வாயிலே போதுமானதாகத் தோன்றும். மேடேறும்போது நாடி வேகமாகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட காலம் சுருங்குகிறது. மேலறை காலியாவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் தரையில் நடமாடுகிறவர் சரிவில் தவிக்கிறார். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவே பாதியளவுக்கு அதிகரிப்பதால், பல பெண்களுக்கு இந்நோய் முதன்முதலாகத் தெரியவருவது பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் மாதங்களில்தான்.

வரிசையின் நடுவிலுள்ள நுரையீரலே கெட்டிருக்குமாயின் கதை வேறு. ஆஸ்துமாவிலும், புகையிலைப் புகையாலும் விறகடுப்புப் புகையாலும் வரும் நாட்பட்ட சுவாச நோயிலும், தடை காற்றுக் குழாய்களில் இருக்கிறது. காச நோயில் கிருமி நுரையீரலைத் தின்று வடுக்களை விட்டுச் செல்லுகிறது. இவற்றைவிடத் தந்திரமானது மூன்றாவது வகை: காற்று தாராளமாகப் போய்வரும், ஆனால் நுரையீரல் தமனியின் கிளைகள் தடித்தோ, கால் நரம்பிலிருந்து கிளம்பி வந்த ரத்தக் கட்டியால் அடைபட்டோ, ரத்தம் உள்ளே நுழைய வழியின்றி நிற்கும். கையில் பட்டை கட்டி அளக்கும் ரத்த அழுத்தம் 120 அளவில் இருக்க, நுரையீரல் தமனியிலோ சராசரி அழுத்தம் சுமார் 14தான். அது 20ஐத் தாண்டினால் நுரையீரல் மிகையழுத்தம் என்பது 2018இல் நீஸ் நகரில் கூடிய உலக நிபுணர்களின் முடிவு. அப்போது தேக்கம் நுரையீரலுக்கு முன்னால், இருதயத்தின் வலப்பக்கத்தில் நிகழ்கிறது. வெள்ளம் அங்கிருந்து பின்வாங்கிக் கால்களிலும் வயிற்றிலும் வீக்கமாகத் தோன்றுகிறது.

ஆகவே, வைத்தியரின் கேள்விகள் எல்லாம் தடை எங்கே, தேக்கம் எங்கே என்பதையே குறிவைத்துச் செல்லுகின்றன. “படுத்தால் மூச்சு முட்டுகிறதா? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? நடு இரவில் திணறி எழுந்து ஜன்னலருகே போய் உட்காருகிறீர்களா?” என்று அவர் கேட்பது வீண் உபசாரமன்று, படுக்கும்போது கால்களில் நின்ற ரத்தம் நெஞ்சுக்குத் திரும்புவதால், இடப்பக்க இருதயம் சோர்ந்தவருக்குத் தேக்கம் அப்போது அதிகரிக்கும். 1816இல் பாரிஸ் நகரத்து ரெனே லென்னெக் காகிதத்தைச் சுருட்டி ஒரு நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்த ஸ்டெதஸ்கோப், காற்றுக் குழாய்களின் சீழ்க்கையையும், நீர் கோத்த காற்றறைகளின் நொறுநொறுப்பையும், குறுகிய வால்வின் உறுமலையும் செவிக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்ஸன் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஊதச் சொல்லி அளந்த சுவாசமானி, இன்று, ஒருவர் தம் முழு மூச்சில் எவ்வளவு பங்கை முதல் ஒரு நொடியில் வெளியேற்றுகிறார் என்பதைச் சொல்லுகிறது; முக்கால் பங்கை எட்டினால் குழாய்கள் திறந்திருக்கின்றன, அதைவிட மிகவும் குறைந்தால் காற்றுக்கே தடை. 1988இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் பன்றியின் மூளையில் கண்டெடுத்த ஒரு புரதத் துணுக்கு, உண்மையில் இழுபட்டு வருந்தும் இருதயக் கீழறைகள் மிகுதியாகச் சுரப்பதே என்று பின்னர் தெரிந்தது. அதை ரத்தத்தில் அளந்தால் மூச்சுத் திணறலோடு வந்தவரின் குற்றவாளி இருதயமா என்பதை வெகுவாக ஊகிக்கலாம் என்று, 1,586 நோயாளிகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2002இல் காட்டிற்று.

ஊகம் போதாது, கண்ணால் காண வேண்டும் என்ற ஆசையை நிறைவேற்றியவர்கள் ஸ்வீடன் தேசத்தின் லுண்ட் நகரத்து வைத்தியர் இங்கே எட்லரும் பௌதிக அறிஞர் ஹெல்முத் ஹெர்ட்ஸும். வால்வு குறுகியிருக்கிறதா, ஒழுகுகிறதா என்று அறுவைக்கு முன்பே தெரிந்தாக வேண்டிய நிர்ப்பந்தம் எட்லருக்கு இருந்தது. கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் தேடப் பயன்பட்ட, செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் யந்திரத்தை இருவரும் 1953இல் இருதயத்தின் மேல் திருப்பினார்கள். இன்று ‘எக்கோ’ என்று எல்லோரும் சொல்லும் எதிரொலிப் படம் அதுதான். இதழ்கள் திறந்து மூடுவதை அதில் நேரே காணலாம்.

எனினும், அழுத்தத்தின் உண்மையான அளவை அறிய உள்ளே போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. போ தோட்டம் பிறந்த அதே 1929ஆம் ஆண்டில், ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூர் மருத்துவமனையில், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தம் கை நரம்பைத் திறந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை 65 சென்டிமீட்டர் தூரம் உள்ளே செலுத்தி, அதோடு நடந்தே போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். குழாயின் நுனி இருதயத்துக்குள் இருந்தது, அவர் உயிரோடு இருந்தார். அதுவரை நினைக்கவும் அஞ்சிய காரியம் அபாயமின்றி ஆகக்கூடியதே என்று இவ்வாறு நிரூபணமாயிற்று. நியூயார்க்கில் குர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் அதை ஒழுங்கான பரிசோதனை முறையாக வளர்த்தார்கள்; மூவரும் 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பிற்பாடு ஒரு நுட்பமான உபாயம் புலனாயிற்று. குழாயை நுரையீரல் தமனியின் சிறு கிளை ஒன்றில் போய்ச் செருகிக்கொள்ளும்படி விட்டால், பின்னாலிருந்து வரும் ரத்தம் தடைபட்டு, குழாயின் நுனிக்கும் இடப்பக்க மேலறைக்கும் இடையே அசையாத ரத்தம் மட்டுமே நிற்கும். ஆகவே வலப்பக்கத்தில் நுழைந்த குழாய் இடப்பக்கத்தின் அழுத்தத்தைச் சொல்லிவிடும். இதைச் ‘செருகழுத்தம்’ என்று அழைக்கலாம். தமனியில் அழுத்தம் அதிகமாகவும் செருகழுத்தம் 15க்குள்ளும் இருந்தால் தடை நுரையீரலின் குழாய்களில். செருகழுத்தமும் உயர்ந்திருந்தால் தடை இடப்பக்க இருதயத்தில். ஒரே முறையீட்டின் இரு காரணங்களைப் பிரிக்கும் உரைகல் இந்த ஒரே எண்.

இவ்வளவு சிரமம் எதற்கு, மூச்சு வாங்கினால் மூச்சுக்கு மருந்து கொடுத்தால் போகிறது என்று சிலர் எண்ணலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நுரையீரல் தமனிகள் சுருங்கியவருக்குச் சில்டெனாபில் போன்ற மருந்துகள் அவற்றை விரித்து நன்மை செய்யும். அதே மருந்தை இடப்பக்க வால்வு குறுகியவருக்குக் கொடுத்தால், கீழே மதகு அடைபட்டிருக்க மேலே வரத்துக் கால்வாயை அகலத் திறந்துவிட்ட கதையாகி, நுரையீரல் நீரில் மூழ்கக்கூடும். அவ்வாறே இருதயத் துடிப்பை மெதுவாக்கி வால்வு நோயாளிக்கு ஆறுதல் தரும் மருந்துகளில் சில, ஆஸ்துமாக்காரரின் குழாய்களை இறுக்கிவிடும். நோயறிதல் தவறினால், கொடுக்கும் மருந்தே விஷமாக மாறும் என்பது இங்கே உபசாரப் பேச்சன்று.

யந்திரங்கள் மட்டுமே உண்மையைக் காட்டின என்று நினைத்துவிடவும் கூடாது. யந்திரமே இல்லாமல், சோற்றை மட்டும் மாற்றிப் போட்டு, ஓர் இருதய நோயின் மூலத்தைக் கண்டறிந்த பெருமை மலாயாவுக்கும் உண்டு. கால் வீங்கி, மூச்சுத் திணறி, இருதயம் ஓய்ந்து ஆயிரக்கணக்கான கூலிகள் மடிந்த பெரிபெரி நோய், தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளரைச் சூறையாடியபோது, புழுங்கலரிசிச் சோறுண்ட தமிழரைப் பெரும்பாலும் தீண்டாமல் விட்டதை நெகிரி செம்பிலானில் இருந்த பிராட்டன் என்ற வைத்தியர் கவனித்தார். அந்த அபிப்பிராயத்தைச் சந்தேகித்த வில்லியம் ஃபிளெட்சர், 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு கூடத்துக்கும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு கூடத்துக்கும் அனுப்பி, ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். கூடத்தின் குற்றமாக இருக்குமோ என்ற ஐயத்தால் இடையில் கூடங்களையும் மாற்றினார். வருஷ முடிவில் நோயும் மரணமும் பச்சரிசியையே தொடர்ந்து சென்றிருந்தன. பிராட்டன், பச்சரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக எண்ணினார். அந்தக் காரணம் தவறு. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பதும், அது இல்லாமையே நோய் என்பதும் பின்னர்தான் விளங்கின. அந்தச் சத்தைப் பக்கத்து ஜாவாவில் யான்ஸன், டோனத் என்ற இருவர் 1926இல் பிரித்தெடுத்தார்கள். காரணம் பற்றிய கொள்கை பிழைபட்டாலும் ஒப்புநோக்கிய பரிசோதனை பிழைபடவில்லை.

நுரையீரல் விஷயத்தில் இதே பாடத்தைக் கற்பித்தது சென்னை. குளிர்ந்த மலைக் காற்றும் நீண்ட ஓய்வும் காசத்தைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கையால் தேசந்தோறும் குன்றுகளிலும் காடுகளிலும் காசநோய் விடுதிகள் எழுந்த காலம் உண்டு. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை நல்ல உணவும் ஓய்வும் உள்ள விடுதியிலும், மறு பகுதியினரை நகரத்து நெருக்கடியான வீடுகளிலுமே வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய விடுதியினரைப் போலவே குணமடைந்தார்கள்; அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. 1959இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மலையிலிருந்து வீட்டுக்கு இறக்கிவிட்டது.

குறுகிய வால்வுக்கும் இன்று வழியுண்டு. ஜப்பானிய அறுவை மருத்துவர் கன்ஜி இனோவே அமைத்து 1984இல் வெளியிட்ட முறைப்படி, தொடை நரம்பு வழியே பலூன் ஒன்றைச் செலுத்தி, ஒட்டிய இதழ்களை நெஞ்சைத் திறக்காமலே விரிக்கலாம். இதழ்கள் சுண்ணாம்பேறிக் கெட்டுவிட்டால் வால்வையே மாற்ற வேண்டும். ஏழைகளுக்கு எட்டும் விலையில் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் எம். எஸ். வலியத்தானின் குழுவினர் உருவாக்கிய செயற்கை வால்வு 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. தானா ராத்தாவின் மாவட்ட மருத்துவமனையில் தொடங்கும் விசாரணை, தேவைப்பட்டால் ஈப்போவுக்கும், 1992இல் ஏற்பட்டதும் ஐ.ஜே.என். என்று மலேசியத் தமிழர் சுருக்கி வழங்குவதுமான கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்துக்கும் செல்ல வழி இருக்கிறது.

ஆகையால் தோட்டத்திலோ பட்டணத்திலோ வாழும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். சென்ற வருஷம் இளைக்காமல் ஏறிய மேட்டில் இவ்வருஷம் இளைத்தால், படுத்தால் மூச்சு முட்டினால், கால் வீங்கினால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், வயதையும் குளிரையும் குறை சொல்லிக்கொண்டிராமல், பிறர் மருந்தைக் கடன் வாங்காமல், வைத்தியரிடம் சென்று இவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்தால் உடனே காட்டுங்கள். வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை போடச் சொல்லும் பெனிசிலின் ஊசியையும், காசத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளையும், உடம்பு தேறிவிட்டதென்று நடுவில் நிறுத்தாதீர்கள். வைத்தியர் போதும் என்று சொல்லும் நாளே அவற்றை நிறுத்தும் நாள்.